நாலணா, ஐம்பது சதம், இருபது காசு: நம் வீட்டு வெள்ளிச் சில்லறையின் வரலாறு



இந்த இதழின் வரலாற்றுப் பக்கம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை வைக்கிறது. படித்து முடித்ததும் பூஜை அறைக் குங்குமச் சிமிழ், பீரோவின் உள்ளறை, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியின் டிரங்குப் பெட்டி, பழைய சுருக்குப்பை ஆகியவற்றை ஒருமுறை துழாவிப் பாருங்கள். பெரிய வெள்ளி ரூபாயைத் தேட வேண்டாம். அது இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுத்துப் போன சில்லறை ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

தா.பழூர் வட்டாரத்தில் அப்படித் தேடினால் இரண்டு வகைக் காசுகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒன்று, நம் நாட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிய இரண்டணா, நாலணா, எட்டணா. மற்றொன்று, இலங்கையின் சதம், மலாயாவின் காசு, அபூர்வமாக மொரீஷியஸ், பிஜி, தென்னாப்பிரிக்காச் சில்லறை. எல்லாவற்றிலும் ராணி அல்லது ராஜாவின் தலை இருக்கும். நாடு வேறாக இருந்தாலும் தலை ஒன்றுதான். உலகம் முழுவதும் இப்படிப்பட்ட சின்ன வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது பொழுதுபோக்குக்கும் மேலான விஷயம். ஏன் என்று பார்ப்போம்.

பணம் போய் அணா வந்த கதை

இன்று எல்லாவற்றையும் ‘பணம்’ என்கிறோம். 200 ஆண்டுகளுக்கு முன்பு பணம் என்பது ஒரு குறிப்பிட்ட காசின் பெயர். சென்னை மாகாணத்தில் 80 காசு சேர்ந்தால் ஒரு பணம், 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு. வராகன் தங்கம், பணம் வெள்ளி, காசு செம்பு. அந்த வெள்ளிப் பணம் நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுத்தான் பெரிது.

1818-ல் சென்னை மாகாணத்தில் வராகனை ஒதுக்கிவிட்டு வெள்ளி ரூபாயை அடிப்படை நாணயம் ஆக்கினார்கள். மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்குச் சமம் என்று வைத்தார்கள். பிறகு 1835-ல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் வந்தது. எடை 11.66 கிராம், அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. அந்த எடையைத்தான் நம் பாட்டிமார் ‘ஒரு ரூபாய் எடை’ என்றார்கள். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். மருந்துக் கடையிலும் தட்டார் பட்டறையிலும் நாணயமே எடைக்கல்லாக இருந்த காலம் அது.

ரூபாய்க்கு 16 அணா. ஆகவே எட்டணா 5.83 கிராம், நாலணா 2.92 கிராம், இரண்டணா 1.46 கிராம். வெள்ளியின் தரம் எல்லாவற்றிலும் ஒன்றே. நாலு நாலணாவை உருக்கினாலும் ஒரு ரூபாயை உருக்கினாலும் ஒரே அளவு வெள்ளி கிடைக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதை முழுவதும் இதைப் பற்றித்தான்.

இரண்டணா 1841-ல் வந்தது. இந்திய வெள்ளிக் காசுகளில் மிகச் சிறியது அதுதான். 1917 வரை வெள்ளியில் அடித்தார்கள். 1918-ல் அது சதுர வடிவ நிக்கல் கலவைக் காசாக மாறிவிட்டது. எனவே உங்கள் கையில் வட்டமான வெள்ளி இரண்டணா இருந்தால் அதற்கு நிச்சயம் நூறு வயதுக்கு மேல்.

அக்கரைக்குப் போன வழி

வெளிநாட்டுச் சில்லறை நம் பக்கத்துக்கு எப்படி வந்தது? வியாபாரத்தால் கொஞ்சம், கூலி வேலையால் அதிகம்.

அன்றைக்கு நம் ஊர் திருச்சி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா. கொள்ளிடத்தைத் தாண்டிக் கும்பகோணம் போனால் ரயில். அங்கிருந்து நாகப்பட்டினம் போனால் பினாங்குக் கப்பல். தெற்கே போனால் மண்டபம் முகாம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பழைய திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென்னாற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து அழைத்துப் போனார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கும் ‘சிலோன் லேபர் கமிஷன்’ 1904-ல் தன் அலுவலகத்தைத் திருச்சியில்தான் அமைத்தது. மழை பொய்த்த வருஷங்களில் மானாவாரிப் பூமிக்காரர்களுக்கு அந்த அலுவலகம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

1938-ல் மலாயாவுக்கும், 1939-ல் இலங்கைக்கும் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. அதுவரை போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களின் மடியில் அந்த ஊர்ச் சில்லறையும் சில வந்தன.

இலங்கைச் சதம்

இலங்கை நம் ரூபாயையே ஏற்றுக்கொண்ட நாடு. ஆனால் அணாவை விட்டுவிட்டு, 1872 முதல் ரூபாய்க்கு 100 சதம் என்று பிரித்துக்கொண்டது. நமக்கு அந்தத் தசமக் கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ல்தான். பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதக் காசுகளை 1892 முதல் வெள்ளியில் அடித்தார்கள். ஒரு பக்கம் ராணி விக்டோரியா, மறு பக்கம் ஒரு பனை மரம். மரத்தின் இரு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு எழுதியிருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. 1907-ல் இந்தியாவில் வந்த நிக்கல் கலவை ஒரு அணாவில் ஆங்கிலத்தோடு உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு என நான்கு எழுத்துகள் உண்டு. தமிழ் இல்லை. சென்னை மாகாணத்தில் இருந்த தமிழன் தன் எழுத்தைக் காசில் பார்க்க வேண்டுமானால் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

எடையில் இலங்கை ஐம்பது சதமும் நம் எட்டணாவும் ஒன்றுதான், 5.83 கிராம். ஆனால் வெள்ளி? நம்முடையதில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கு, அவர்களுடையதில் 80 பங்கு. 1919-20 வாக்கில் இலங்கைக் காசில் அது 55 பங்காக இறங்கிவிட்டது. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தட்டார் உரைகல்லில் தேய்த்தால் தெரிந்துவிடும்.

மலாயா வெள்ளி

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் தங்கள் நாட்டு நாணயத்தை இன்றும் ‘வெள்ளி’ என்பார்கள். பத்து வெள்ளி, நூறு வெள்ளி என்று அவர்கள் சொல்வதை நம் வளாகத்தில் பலர் தொலைபேசியில் கேட்டிருப்பீர்கள். காசு வெள்ளியாக இருந்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ 1867 வரை இந்திய அரசின் கீழ் இருந்தது. கம்பெனி 1855-ல் அங்கே ரூபாயைப் புகுத்தப் பார்த்தபோது, டாலரில் பழகிய வணிகர்கள் எதிர்த்து நின்றார்கள். ரூபாய் அங்கே காலூன்றவில்லை. தனிக் குடியேற்ற நாடான பிறகு, 1871 முதல் அதற்கென வெள்ளியில் 5, 10, 20 காசுகள் வந்தன. எடை முறையே 1.36, 2.71, 5.43 கிராம். ஆரம்பத்தில் 80 பங்கு வெள்ளி, பிறகு 60, முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் 40 வரை இறங்கி, 1926 வாக்கில் மீண்டும் 60. 1939-ல் ‘மலாயா’ என்ற பெயரில் 75 பங்கு வெள்ளியில் புதிய காசுகள் அடித்தார்கள். 1943-45 தேதியிட்டவற்றில் 50 பங்கு. 1948-ல் வெள்ளி அடியோடு போய்விட்டது.

ஒரு நாள் கூலி எத்தனை காசு?

இந்தக் காசுகளை வெறும் எடைக் கணக்காகப் பார்த்தால் அவற்றின் கனம் தெரியாது. கூலிக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

1928 வாக்கில் மலாயாத் தோட்டங்களில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இலங்கையில் 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம்.

அன்றைய மாற்று மதிப்பில் மலாயா டாலர் 28 பென்ஸ், இந்திய ரூபாய் 18 பென்ஸ். அப்படியானால் மலாயாவின் 50 காசு நம் கணக்கில் சுமார் பன்னிரண்டரை அணா. பெண்ணின் 40 காசு பத்தணா. இலங்கை ரூபாயும் நம் ரூபாயும் சமம் என்பதால் 54 சதம் எட்டே முக்கால் அணாவுக்குச் சற்றுக் குறைவு, பெண்ணின் 43 சதம் ஏழணாவை எட்டாது.

ஆக, உங்கள் வீட்டில் கிடக்கும் ஒரு இலங்கை ஐம்பது சதம் என்பது தேயிலைக் காட்டில் ஓர் ஆளின் ஏறக்குறைய ஒரு நாள். மலாயாவின் இரண்டு இருபது காசுகள் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு பெண்ணின் ஒரு நாள். விடியலுக்கு முன் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, பேர் கொடுத்து, அட்டைக்கடியோடு இறங்கி ஏறிய ஒரு முழு நாள். 1930-ல் ரப்பர் விலை சரிந்தபோது மலாயாவில் அந்த 50 காசு 40 ஆகவும், பெண்ணின் 40 காசு 32 ஆகவும் வெட்டப்பட்டன.

எந்தக் காசு தப்பியது, ஏன்?

இப்போது ஒரு கேள்வி. லட்சக்கணக்கில் ஓடிய காசுகளில் உங்கள் டப்பாவில் இருப்பது மட்டும் ஏன் தங்கியது?

வெளிநாட்டுக் காசு தங்கியதற்குக் காரணம், அதை இங்கே செலவழிக்க முடியாது. தா.பழூர்ச் சந்தையில் மலாயா இருபது காசைக் கொடுத்து யார் மிளகாய் வாங்க முடியும்? ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை மணியார்டரிலோ நோட்டாகவோ அனுப்பிவிட்டு, கடைசியாகச் சட்டைப் பையில் மிஞ்சிய சில்லறைதான் வீட்டோடு வந்தது. தட்டாரிடம் போட்டாலும் தரம் குறைந்த வெள்ளி என்று விலையைக் குறைப்பார். அதனால் குழந்தை விளையாடவோ, ஞாபகத்துக்கோ பெட்டியில் போட்டு வைத்தார்கள்.

நம் நாட்டு நாலணா தங்கிய காரணம் நேர் எதிரானது. அது நல்ல வெள்ளி. நல்ல வெள்ளியை யாரும் கையை விட்டுக் கொடுப்பதில்லை. பெண்கள் சிறுவாடு சேர்த்தது பெரும்பாலும் இந்த நாலணா, எட்டணாவில்தான். வளையம் பற்றவைத்துக் குழந்தையின் அரைஞாணில் கோத்ததும், கழுத்தில் காசு மாலையாகப் போட்டதும் இவைதான்.

இரண்டு உலகப் போர்களும் இந்தப் பழக்கத்தை வலுப்படுத்தின. முதல் போரின் போது வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது. 1917-ல் ஒரு ரூபாய்க் காகித நோட்டு வந்தது. மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டார்கள். அரசாங்கத்திடம் வெள்ளி இல்லை. கடைசியில் 1918-ல் அமெரிக்காவில் பிட்மேன் சட்டம் போட்டு, அந்த நாட்டுக் கருவூலத்தில் கிடந்த சுமார் 26 கோடி வெள்ளி டாலர் நாணயங்களை உருக்கி பிரிட்டனுக்கு விற்றார்கள். அது வந்து சேர்ந்த இடம் இந்திய நாணயச் சாலைகள். போர் முடிந்த பிறகு அடித்த நம் ரூபாய்களில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்கிறது என்றால் அது கற்பனை இல்லை.

இரண்டாம் போரில் அரசு வேறு வழியில் போனது. 1940-ல் நாலணா, எட்டணா, ரூபாய் என ஒவ்வொன்றாக வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. பிறகு பழைய நல்ல வெள்ளிக் காசுகளைச் செல்லாது என்று அறிவித்துத் திரும்பக் கேட்டது. 1941-ல் விக்டோரியா காசுகள், அதன் பின் எட்வர்ட், 1943-ல் ஜார்ஜ் காசுகள். கெடு முடிவதற்குள் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் 1940-க்கு முந்தைய நாலணா இருக்கிறதென்றால், அன்று யாரோ ஒருவர் ‘கொடுக்க வேண்டாம், இருக்கட்டும்’ என்று முடிவு செய்திருக்கிறார். பெரும்பாலும் ஒரு பெண்மணி. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 1946-ல் நாலணாவிலும் எட்டணாவிலும் வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல். மலாயாவில் இன்னும் மோசம். ஜப்பானியர் அடித்துத் தள்ளிய ‘வாழைமர நோட்டு’ 1945-ல் ஒரே நாளில் வெறும் காகிதம் ஆனது. கையில் பழைய வெள்ளிச் சில்லறை வைத்திருந்தவர்களுக்கு அதில் வெள்ளியாவது மிஞ்சியது.

மற்ற நாடுகளின் சில்லறை

சேகரிப்பவர்களுக்கு ஒரு சிறு பட்டியல். எல்லாம் வெள்ளி, எல்லாம் சின்னது, எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் முடி.

• மொரீஷியஸ்: 1834 முதல் நம் மக்கள் கரும்பு வெட்டப் போன தீவு. 1877-ல் ரூபாய்க் கணக்கில் 10, 20 சதக் காசுகள். எடை 1.17, 2.33 கிராம், 80 பங்கு வெள்ளி.

• தென்னாப்பிரிக்கா: 1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டாலுக்கு முதல் தொகுதி போனது. அங்கே மூன்று பென்ஸ் காசுக்குச் செல்லப்பெயர் ‘டிக்கி’. 1923 முதல் 80 பங்கு வெள்ளி, 1.41 கிராம்.

• பிஜி: தென்னிந்தியர்கள் 1903 முதல் போனார்கள். 1934-ல் தனிக் காசுகள் வந்தன. ஆறு பென்ஸில் கடலாமை, 50 பங்கு வெள்ளி. போர்க்காலமான 1942, 1943-ல் அவற்றை சான் பிரான்சிஸ்கோவில் 90 பங்கு வெள்ளியில் அடித்தார்கள். தரம் ஏறிய அபூர்வ உதாரணம் இது.

• கிழக்கு ஆப்பிரிக்கா: முதலில் அங்கும் ரூபாய்க் கணக்கே. 1906-ல் வந்த 25, 50 சதக் காசுகளில் சிங்கம். எடை நம் நாலணா, எட்டணா எடையே.

• கனடா: 1858 முதல் 1921 வரை ஐந்து சதக் காசு, 1.16 கிராம். மீன் செதில் போல மெலிதானது.

• ஆஸ்திரேலியா: 1910 முதல் மூன்று பென்ஸ், 1.41 கிராம், 92.5 பங்கு வெள்ளி. பின்னர் பாதியாகக் குறைந்தது.

இதில் கனடாவின் 1921-ம் ஆண்டு ஐந்து சதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆண்டு சுமார் 26 லட்சம் காசுகள் அடித்தார்கள். அடுத்த ஆண்டே நிக்கலுக்கு மாறியதால், வெளியே விடாமல் ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். இன்று சில நூறு காசுகளே மிச்சம். உருக்கு உலைக்குப் போனது திரும்பி வராது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

கையில் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது?

முதலில், விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளி விளக்கு, குங்குமச் சிமிழுக்கு அது சரி. காசுக்கு வேண்டாம். புளி, பல்பொடி, எலுமிச்சையும் கூடாது. கறுப்பு என்பது வெள்ளியின் மேல் படிந்த இயற்கையான படலம். தேய்த்தால் ராணியின் மூக்கும் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போய்விடும். அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அடுத்து எடை. பத்து மில்லிகிராம் வரை காட்டும் சிறிய மின் தராசு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மேலே சொன்ன எடைகளோடு ஒப்பிடுங்கள். புழக்கத்தில் தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும், அதிகமாகக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். பிறகு காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1946-ம் ஆண்டு நாலணா ஒட்டும், அது நிக்கல்.

வருஷத்தைப் பாருங்கள். இந்தியக் காசில் 1862 என்றிருந்தால் அந்த ஆண்டிலேயே அடித்தது என்று எண்ண வேண்டாம். அதே தேதியை 1874 வரை போட்டுக்கொண்டிருந்தார்கள். விக்டோரியா பெயருக்குப் பின் ராணி என்றிருந்தால் 1876 வரை, பேரரசி என்றிருந்தால் 1877 முதல். 1911-ம் ஆண்டு ஜார்ஜ் காசு கிடைத்தால் ராஜாவின் அங்கியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதில் உள்ள யானை, பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, 1912-ல் யானையைத் திருத்தி வரைந்தார்கள்.

வைக்கும் விதமும் முக்கியம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவோ, செய்தித்தாளில் சுற்றவோ வேண்டாம். இரண்டும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறையில் நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். நாணயம் வைப்பதற்கென்றே விற்கும் அட்டை உறைகள் நல்லது.

ஏமாற வேண்டாம், சட்டத்தையும் மறக்க வேண்டாம்

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வரும் தொலைபேசி அழைப்புகளை நம்பாதீர்கள். முதலில் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது: பழைய நாணயம் வாங்கல் விற்றலில் அது ஈடுபடுவதில்லை, எவருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. அதுபோல, ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார் உருவத்தோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று வரும் காசுகளைக் கம்பெனி ஒருநாளும் அடித்ததில்லை. அவை பிற்காலத்தில் செய்தவை.

சாதாரண நாலணா, எட்டணாவுக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலை வெள்ளி விலையைவிடச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் பேராசையும் வராது, ஏமாற்றமும் வராது.

சட்டம் இரண்டு. நிலத்தைத் தோண்டும்போது மண்ணுக்குள் புதைந்த காசுப் பானை கிடைத்தால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் பங்கு கிடைக்க அந்தச் சட்டத்திலேயே வழி உண்டு. இரண்டாவது, 1972-ம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயமும் பழம்பொருளே. வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு ‘உன் கொள்ளுத்தாத்தா காசு’ என்று விக்டோரியா இரண்டணாவைக் கொடுத்தனுப்ப ஆசையாக இருக்கும். அனுப்பாதீர்கள், படமெடுத்து அனுப்புங்கள். நம் வட்டாரத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடு போன நடராஜர், 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் விலைக்குப் போய், 2014-ல்தான் நாடு திரும்பினார். எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லாமல் ஒரு பொருள் கை மாறுவதன் விலை நமக்குத் தெரியாதது அல்ல.

உருக்கும் முன் பத்து நிமிஷம்

இந்தப் பக்கத்தை இப்போது எழுதக் காரணம் உண்டு. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழைய கொலுசோடும் உடைந்த கிண்ணத்தோடும் இந்தக் காசுகளும் கடைக்குப் போகின்றன. கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி எடை போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது எடைதான். 55 பங்கு வெள்ளியுள்ள இலங்கை ஐம்பது சதத்துக்கு அவர் கணக்கில் மூன்றே கால் கிராமுக்கும் குறைவான வெள்ளி. அது யாருடைய எந்த நாள் கூலி என்பது தராசில் ஏறாது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இந்த நாட்டின் நாணயங்கள் வரிசையாக இருக்கின்றன.  அங்கே கிடைக்காதது, உங்கள் வீட்டுக் காசு எந்தத் தோட்டத்திலிருந்து, யார் மடியில், எந்தக் கப்பலில் வந்தது என்ற செய்தி. அது வீட்டுப் பெரியவர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கலாம். 1964-ல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே இருக்கலாம். அவர்கள் வீட்டுக் காசுக்கு இன்னும் நீண்ட கதை இருக்கும்.

விற்க வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, அவசரத் தேவை எல்லோருக்கும் உண்டு. அந்த அவசரத்துக்கு உதவத்தானே பாட்டி அதைச் சேர்த்து வைத்தார். ஆனால் விற்கும் முன் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எடையையும் வருஷத்தையும் குறியுங்கள். வீட்டில் மூத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது யாருடையது? அவர் எங்கே, என்ன வேலை செய்தார்? எப்போது திரும்பி வந்தார்? சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக் காசின் உறைக்குள் வையுங்கள். ‘தெரியாது’ என்றால் அதையும் எழுதுங்கள். நாமாக ஒரு கதையைக் கட்ட வேண்டாம்.

எழுதியதில் ஒரு பிரதியைச் சங்கத்துக்கும் அனுப்பலாம். பெயரும் வீட்டு எண்ணும் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். பாதுகாப்பு கருதி, காசுகளை நேரில் கொண்டு வரவும் வேண்டாம், படம் போதும். நாலைந்து வீடுகளிலிருந்து வந்தாலும் அடுத்த இதழில் தா.பழூரிலிருந்து எந்தெந்தக் கரைக்கு நம் மக்கள் போனார்கள் என்று ஒரு வரைபடம் போட்டுவிடலாம். புத்தகத்தில் இல்லாத வரைபடமாக அது இருக்கும்.